குருதிப் புற்றுநோயும் குலப்பழியும்

பிற தமிழூர்களிற் போலவே, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களிலும் ஒருவருக்குக் குருதிப் புற்றுநோய் கண்டால், அவரது நலத்தை வினவுமுன் அவ்வீட்டின் பரம்பரையை வினவும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மகரகமை வைத்தியசாலைப் பயணம் ‘கொழும்பில் ஓர் அலுவல்’ என மறைக்கப்படுகின்றது. தமக்கைக்கு நோயென்றால் தங்கைக்குப் பேசிய சம்பந்தம் குழம்புகின்றது.

இவ்வழக்கத்துக்கு விஞ்ஞானமும் சாட்சிக்கு அழைக்கப்படுவதே கொடுமை. ‘பரம்பரை அலகிலே கோளாறாம்’ என்பர். சொல் தந்த மயக்கம் இது. பரம்பரை அலகு பழுதுறுவது வேறு. பழுது பரம்பரையாக வருவது வேறு. தலசீமியா பெற்றோர்வழி வரும் நோய்; அதற்காகத் திருமணத்தின் முன் குருதியைச் சோதிப்பது அறிவுடைமை. அவ்வளவுகோலைக் குருதிப் புற்றுநோய்க்கும் நீட்டுவது அறியாமை.

1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கபோட் என்போர், நாட்பட்ட மைலோயிட் குருதிப் புற்றுநோயாளரின் கலங்களிற் குறுகியதொரு நிறமூர்த்தத்தைக் கண்டனர். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டமையே அதன் காரணமென 1973இல் ஜெனற் ரௌலி காட்டினார். அம்மாற்றம் வாழ்நாளில் என்பு மச்சைக் கலமொன்றில் நேர்வது, பெற்றோர் தந்ததன்று, பிள்ளைக்குச் செல்வதுமன்று. சில குடும்பங்களிற் பிறவகைக் குருதிப் புற்றுநோய்களுக்கான ஏதுநிலை வழிவழி வருவதுண்டு. அச்சிலவற்றைக் கொண்டு அனைவரையும் பழிப்பது நீதியன்று.

ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகளுக்குத் தப்பியோரிடையே சில ஆண்டுகளுள் இந்நோய் பெருகிற்று. அவர்கள் யாவரும் ஒரே குலத்திற் பிறந்தவரா? பென்சீன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளரை இந்நோய் பற்றுவதும் நிறுவப்பட்ட உண்மையே. பென்சீன் பெற்றோலில் உண்டு. சீனக்குடாவிலே பிரித்தானியர் எழுப்பிய 99 எண்ணெய்த் தாங்கிகளை யார் ஆள்வது என்பது பற்றி, 2022ஆம் ஆண்டு உடன்படிக்கையின்போது நாடே வாதிட்டது. எண்ணெயோடு தொழில் செய்வோர் எதனைச் சுவாசிக்கின்றனர், அவர்தம் குருதி ஆண்டுதோறும் சோதிக்கப்படுகின்றதா என்பனவும் அதே உரத்த குரலிற் கேட்கவேண்டிய வினாக்களாகும். பழியைப் பிறப்பின்மேற் சுமத்திய ஊர் தொழிலிடத்தை நோக்கி அவ்வினாக்களை எழுப்பாது. குலப்பழியால் இலாபமடைவோர் யாரென்பது இதனாற் புலப்படும்.

நட்டமடைபவரோ நோயாளி. ரௌலி காட்டிய அம்மாற்றத்தாற் பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமற்றினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. மரணத் தீர்ப்பெனக் கருதப்பட்ட நோயுடன் பல்லாண்டு வாழ அது வழிசெய்தது. ஆயின் அதனை நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். ஊருக்கு அஞ்சி நோயை மறைக்கும் பெண் மாத்திரையையும் மறைக்கின்றாள். மறைப்பதிற் சில நாள் தவறவும் விடுகின்றாள். அவளைக் கொல்வது நோய் மட்டுமன்று.

ஆதலின், படலையில் நின்று குலம் விசாரிப்போருக்கு இனியேனும் மறுமொழி கூறப்படல் வேண்டும். அக்கடமை நோயாளிக்குரியதன்று, கற்றவர்க்குரியது.