மாநகர மேடை யாருக்கு?

மாலை ஐந்து மணியானால் கண்டி வாவிக்கரையில் மேள ஒலி எழும். 1882இல் தோன்றிய கண்டியக் கலைச் சங்கத்தின் மண்டபத்தில் உல்லாசப் பயணிகளுக்காக நடக்கும் நடன நிகழ்ச்சி அது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆடுவோரின் உழைப்பில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் பார்வையாளர் வரிசையில் கண்டிக்காரர் ஒருவரைக் காண்பது அரிது.

இந்நகரில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. பாடசாலை மண்டபங்கள் உண்டு, சமய மன்றங்களின் மண்டபங்கள் உண்டு. மாநகர சபையின் டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்த நூலகத்திலும் ஒரு கேட்போர் கூடம் இருக்கிறது. வாடகை செலுத்துபவருக்குக் கதவு திறக்கும். வாடகை செலுத்த இயலாத கலைஞனைத் தேடிச் சென்று அழைத்து வருவது யார் பொறுப்பு என்பதே என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காமன் கூத்துப் பார்க்கப் போயிருந்தேன். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதியும் மதனும் விடிய விடிய ஆடினார்கள். கூத்து வாத்தியாருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். "டவுனில் ஆடியதுண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ கேட்டுப் பாத்தோம் ஐயா. மண்டபத்துக்கு வாடக, அதுக்கு மேல முற்பணம், லைட்டுக்கு வேற, மைக்குக்கு வேற. எங்க ஆளுங்க ஒரு மாசம் பேர் போட்டாலும் அது கட்டாது" என்றார்.

கண்டியிலிருந்து சில மைல் தூரத்தில் பேராதனை இருக்கிறது. அங்கே மலைச்சரிவையே இருக்கையாகக் கொண்ட திறந்தவெளி அரங்கில் பேராசிரியர் சரச்சந்திர 1961இல் 'சிங்கபாகு' நாடகத்தை மேடையேற்றினார். அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மாணவர்களைக் கொண்டு உருவாக்கினார். அதற்கு அவர் செய்த முதற்காரியம் என்ன? மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை வரவழைத்து, மாணவர்களுக்கு ஆசானாக்கினார். அண்ணாவியார் முற்பணத்தோடு வந்து வாசலில் நிற்கட்டும் என்று அன்று பல்கலைக்கழகம் காத்திருந்திருந்தால், ஈழத்து நாடக வரலாற்றில் ஓர் அத்தியாயமே இல்லாமற் போயிருக்கும்.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்கு யாழ்ப்பாணத்தையும் பார்க்கலாம். இந்திய நன்கொடையில் எழுந்த கலாசார மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதை யார் நிர்வகிப்பது என்பதும், 2025இல் அதன் பெயர் என்ன என்பதும் பெரும் விவாதங்களாயின. அந்த மேடையில் எந்தக் கிராமத்துக் கூத்து ஏறப்போகிறது என்ற பேச்சு அந்த அளவுக்கு என் காதில் விழவில்லை.

கண்டி மாநகர சபை 2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கியது. 2025 மே தேர்தலின் பின் மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. மாதத்தில் ஒரு மாலை கூடத்தை வாடகையின்றித் திறந்துவிடுங்கள். தோட்டங்களுக்கும் சிங்களக் கிராமங்களுக்கும் முஸ்லிம் குடியிருப்புகளுக்கும் நேரில் போய்க் கலைஞர்களை அழைக்க ஓர் அலுவலரை நியமியுங்கள். பஸ் செலவைச் சபை ஏற்கட்டும். அறிவித்தல் மூன்று மொழியிலும் இருக்கட்டும். விடிய விடிய ஆடவேண்டிய கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் நறுக்காமல், அதற்கென்று மாசியில் ஒரு மைதானத்தை ஒதுக்குங்கள்.

குப்பை அள்ளவே பணம் போதாதபோது கூத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எவரும் பதிவு செய்யாத வாரநாள் மாலையில் கூடம் எப்படியும் பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறப்பதற்கு ஆகும் செலவு மின்கட்டணமும் காவலாளியின் மேலதிக நேரமுமே. நூலகத்தைச் செலவென்று கருதாத சபை இதை மட்டும் செலவென்று கருதுவானேன்?

மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். உரைகள் பல கேட்டோம், மலர்கள் வெளியிட்டோம். அந்த வாத்தியாரிடம் ரதி வேடம் பழகிய இளைஞனோ கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். மாசிக்கு லீவு கிடைத்தால் வருவான், கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு வேறொருவருக்குத்தான் சேலை கட்டவேண்டும். அப்படியொருவர் கிடைக்காத ஆண்டு வருவதற்கு முன்பாவது நகரம் அவர்களை அழைக்குமா?