வலிகாமம் தோட்டக் காய்கறிகளைப் பரிசோதிக்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

பிரதிகள்: வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், வட மாகாண விவசாயப் பணிப்பாளர்

மதிப்புக்குரியீர்,

சுன்னாகம் அனல்மின் நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயம் தாங்கள் அறிந்ததே. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014 காலப்பகுதியில் ஆராய்ந்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெய் மாசு காணப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. குடிப்பதற்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் தரவில்லை. வெங்காயத்துக்கும் பீற்றூட்டுக்கும் கீரைக்கும் கிணற்றிலிருந்தே இறைத்தோம்.

கிணற்று நீரைக் குடிப்பவர் அந்த வளவுக்காரர். அந்த நீரில் விளைந்த கீரையை மருதனார்மடம் சந்தையில் வாங்கிச் செல்பவர் எந்த ஊர் என்று எமக்கே தெரியாது. ஆகவே தண்ணீரை மட்டும் சோதித்து நிறுத்துவது போதாது.

எண்ணெய் ஒரு பகுதியின் துயரம்; நைத்திரேற்று வலிகாமம் முழுவதற்குமானது. எமது செம்மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. தோட்டத்தில் இட்ட யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் மாரி மழையோடு நேரே நிலத்தடி நீரை அடைகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நைத்திரேற்று எல்லை. அதை மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கீரை, பீற்றூட் போன்றவை நைத்திரேற்றைத் தம்முள் சேர்த்துவைப்பவை. கழுவினால் இலையில் படிந்தது போகும், உள்ளே ஏறியது போகாது.

எனவே மாரியிலும் கோடையிலும் கிணற்று நீர், தோட்ட மண், அறுவடையான காய்கறி மூன்றையும் ஒரே தோட்டத்திலிருந்து எடுத்துப் பரிசோதிக்க வேண்டுகிறோம். நைத்திரேற்று, ஈயம், எண்ணெய்க் கூறுகள் மூன்றும் பார்க்கப்பட வேண்டும். முடிவுகளைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். கமக்காரரின் பெயர் வேண்டாம். வதந்தி பரவினால் நல்ல தோட்டத்து மரக்கறியும் விலைபோகாது.

பயிர் உண்ணத்தக்கதல்ல என்று தெரிந்தால் விற்பனையை நிறுத்த நாம் ஆயத்தம். அந்தப் போகத்துக்கான இழப்பீட்டை முன்கூட்டியே உறுதிப்படுத்துங்கள். மண் பரிசோதனைக்கேற்ற உரச் சிபாரிசை விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கே வந்து தரவேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளின் கிணறுகளையும் கர்ப்பிணிகள் வாழும் வீடுகளின் கிணறுகளையும் முதலில் சோதித்து, எல்லை மீறிய இடங்களுக்கு உடனே மாற்றுக் குடிநீர் வழங்குங்கள்.

முதலாவது மாதிரி சேகரிப்பை எதிர்வரும் மாரிக்கு முன் தொடங்கி, அதற்கான திகதியை எமக்கு எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்
கமக்காரர் அமைப்பு, வலிகாமம்