தசைச்சிதைவு நோய்க்கு மீன் எண்ணெய் மாத்திரை கைகொடுக்குமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஓடி விளையாட வேண்டிய வயதில் பையன் அடிக்கடி கீழே விழுகிறான். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறான். படி ஏறத் திணறுகிறான். டுஷேன் தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவரை இந்த நோய் பாதிக்கிறது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதனால் "ஒமேகா-3 மாத்திரை கொடுத்தால் நல்லது" என்று யாராவது சொன்னால், பெற்றோர் உடனே மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடுகிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

தசைக்குள் என்ன நடக்கிறது?

தசை செல்லின் சவ்வைத் தாங்கிப் பிடிப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். மரபணுக் கோளாறால் இது உருவாகாதபோது, ஒவ்வொரு அசைவிலும் சவ்வு கிழிகிறது. சேதத்தைச் சரிசெய்ய நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே குவிகின்றன. இதுதான் அழற்சி. நமக்கு அடிபட்டால் அழற்சி சில நாளில் அடங்கிவிடும். இந்தச் சிறுவர்களுக்கோ அது அடங்குவதே இல்லை. நாளடைவில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிறைந்துவிடுகின்றன.

ஒமேகா-3 எங்கே வருகிறது?

மீன் எண்ணெயில் உள்ள இபிஏ, டிஹெச்ஏ ஆகிய கொழுப்பு அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களின் உற்பத்தியைக் குறைக்கக்கூடியவை. டிஸ்ட்ரோபின் இல்லாத எலிகளுக்கு பிரேசில் ஆய்வாளர்கள் இபிஏ கொடுத்தபோது தசைச் சேதம் குறைந்தது. மெக்சிகோவில் சிறுவர்களுக்கு தினமும் 2.9 கிராம் ஒமேகா-3 வீதம் 6 மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவீடுகள் குறைந்தன. ஆனால் அது சிறிய ஆய்வு. நடக்கும் திறன் கூடுதல் காலம் நீடிக்கும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

பெரிய சோதனையில் என்ன ஆனது?

டிஹெச்ஏவுடன் சாலிசிலிக் அமிலத்தை இணைத்து எடசலோனெக்சென்ட் என்ற மருந்தை அமெரிக்காவின் கேடபாசிஸ் நிறுவனம் உருவாக்கியது. தொடக்க முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் 4 முதல் 7 வயதுள்ள 131 சிறுவர்களிடம் ஓராண்டு நடந்த மூன்றாம் கட்ட சோதனையில், டம்மி மருந்து எடுத்தவர்களைவிட குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. 2020 அக்டோபரில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இது வெறும் மீன் எண்ணெய் அல்ல, வேறு மருந்து. ஆனாலும் எலியிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரியும் பலன், பையனின் நடையில் தெரியாமல் போகலாம் என்பதே இதில் உள்ள பாடம்.

அப்போ, வாங்கிக் கொடுக்கலாமா?

முதலில் லேபிளைப் பாருங்கள். 1,000 மி.கி. மீன் எண்ணெய் மாத்திரை பலவற்றில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என மொத்தம் 300 மி.கி.தான் இருக்கும். மெக்சிகோ ஆய்வின் அளவை எட்ட தினமும் கிட்டத்தட்ட 10 மாத்திரை விழுங்க வேண்டும்!

- அதிக அளவு எடுத்தால் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு.
- அதிக அளவு ஒமேகா-3 எடுத்த பெரியவர்கள் சிலருக்கு இதயத் துடிப்பு சீரற்றுப் போனது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. டுஷேன் நோய் இதயத் தசையையும் தாக்கும் என்பதால் இது முக்கியம்.
- மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம்; அளவு மீறினால் ஈரல் பாதிக்கும்.

எதைச் செய்யவே கூடாது?

பிரெட்னிசோலோன், டெஃப்ளாசகார்ட் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள், நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. உடல் எடை கூடுகிறதே, எலும்பு பலவீனமாகிறதே என்று பயந்து, "இயற்கையான" மாத்திரையை நம்பி இவற்றைச் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்த உடல், தனக்குத் தேவையான கார்டிசோலைத் தானே உடனடியாகச் சுரக்க முடியாது.

சாப்பாட்டில் மத்தி, அயிலை மீன் சேர்ப்பதில் தப்பில்லை. மாத்திரை என்றால், சிகிச்சை தரும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நடக்கும் சிகிச்சையோடு சேர்த்து மட்டுமே. அதற்குப் பதிலாக அல்ல.