பழைய ஆல்ட்டோவுக்கு டில்ட் ஸ்டியரிங்: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

யூஸ்டு கார் வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்வி பல ரூபத்துல வருது: "கார் நல்லா ஓடுது, ஆனா ஸ்டியரிங்கை மேல கீழ இறக்க முடியல. டில்ட் வாங்கி மாட்டிக்கலாமா?" அதுல மண்டபத்துல இருந்து ஒரு தம்பி கேட்டதை மட்டும் இன்னிக்கு எடுத்துக்கறேன். 2013-ல பதிவான ஆல்ட்டோ 800, பவர் ஸ்டியரிங் உள்ள எல்எக்ஸ்ஐ. உச்சிப்புளி வழியா தினமும் ராமநாதபுரம் ஆபீசுக்குப் போய் வர்றார், ஒரு வழிக்கே சுமார் 40 கிலோமீட்டர். வேற மாடல்ல இருந்து கழட்டின டில்ட் அசெம்ப்ளி, கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்னு மெக்கானிக் சொல்லியிருக்கார். பண்ணலாமா?

என் பதில்: வேண்டாம். பணம் கம்மியோ ஜாஸ்தியோங்கறது ரெண்டாவது விஷயம். அந்தக் காசுக்கு அவர் எதிர்பார்க்கிற வசதியே கிடைக்காதுங்கறதுதான் முதல் காரணம்.

மேனுவல் கார்ல நம்ம சீட் எங்க இருக்கணும்னு முடிவு பண்றது யாரு? இடது கால்தான். கிளட்சை முழுசா அமுக்க முடியணும், அதுக்கேத்த மாதிரிதான் சீட்டை முன்ன பின்ன நகர்த்தணும். குள்ளமா இருக்கிறவங்க முன்னாடி வந்தே ஆகணும், அப்போ வீல் நெஞ்சுக்குக் கிட்ட வந்துடும். உயரமானவங்களுக்கு முட்டி இடிக்கும். டில்ட் என்ன பண்ணும்? வீலைக் கொஞ்சம் மேல கீழ சாய்க்கும், அவ்வளவுதான். முட்டி இடிக்கிறவருக்கு அது உதவும். நெஞ்சுக்கும் வீலுக்கும் உள்ள தூரம் பெருசா மாறாது, அதுக்கு டெலஸ்கோப்பிக் வேணும். ஏர்பேக் உள்ள கார்ல நெஞ்சுக்கும் வீல் நடுவுக்கும் 10 அங்குலமாவது இடைவெளி இருக்கணும்னு அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லுது. அந்த இடைவெளியை டில்ட் தராது. தம்பி தன் உயரம் 5 அடி 3 அங்குலம்னு எழுதியிருக்கார். அவருக்கு வேண்டியது சீட் உயரம். கெட்டியான நல்ல குஷனும், சாய்மானத்தைச் சரியான கோணத்துல வைக்கிறதும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துடும்.

சரி, வேலையைப் பார்ப்போம். ஒரு மாடலோட டாப் வேரியண்ட்ல டில்ட் இருந்து, உங்க பேஸ் வேரியண்ட்ல மட்டும் இல்லைன்னா அது ஒரு கதை. அதே மாடல், அதே வருஷம், கம்பெனி பார்ட், பெரும்பாலும் போல்ட் மாட்டற வேலை. ஆல்ட்டோ 800-ல அந்த வாய்ப்பே கிடையாது, எந்த வேரியண்ட்லயும் டில்ட் வரல. அப்போ வேற காரோட அசெம்ப்ளியை இதுக்குள்ள திணிக்கணும்.

அமெரிக்காவுல பழைய கார் பிரியர்களுக்கு இதே வேலையில வேற தலைவலி. பழைய இரும்புக் கடையில கிடைக்கிற டில்ட் அசெம்ப்ளி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் காரோடது, கியர் லீவர் அதுலயே இருக்கும். மேனுவல் கார்ல மாட்டணும்னா அதை எடுத்துட்டு மாத்தணும். (நம்ம ஊர் பழைய அம்பாசடர், பத்மினியிலயும் கியர் ஸ்டியரிங் தண்டுலதான் இருந்துச்சு, அதுவும் மேனுவல்! தாத்தாக்களைக் கேளுங்க.) நமக்கு கியர் கீழ இருக்கிறதால அந்தத் தொல்லை இல்லை. ஆனா ஆல்ட்டோ மாதிரி சின்ன கார்கள்ல பவர் ஸ்டியரிங் மோட்டாரும் டார்க் சென்சாரும் அந்தத் தண்டுலயே உட்கார்ந்திருக்கு. வெறும் தண்டை மாத்தறோம்னு ஆரம்பிச்சு மோட்டார், வயரிங், கண்ட்ரோல் யூனிட்னு போயிடும். இக்னிஷன் லாக்கும் அங்கேயேதான். சாவி இம்மொபிலைசரோட வர்ற கார்னா அதையும் பழைய லாக்கோட சேர்த்து மாத்தி மாட்டணும்.

நான் பயப்படுற இடம் இதுக்கு அடுத்தது. நீளம் பொருந்தலைன்னா "வெட்டி வெல்டு வெச்சுடலாம் சார்"னு சாதாரணமா சொல்லுவாங்க. இன்னிக்கு கார்கள்ல ஸ்டியரிங் தண்டு நேர் மோதல்ல மடங்கி உள்வாங்கற மாதிரி செஞ்சிருக்கு. தப்பான இடத்துல வெல்டு வெச்சா மடங்க வேண்டியது மடங்காது, ஈட்டி மாதிரி நெஞ்சைப் பார்த்து வரும். இல்லைன்னா ஓடும்போதே வெல்டு விட்டுப் போகும். பாம்பன் ரோடு பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல நீளம், எதிர்ல டூரிஸ்ட் பஸ். அங்க ஸ்டியரிங் கையை விட்டுப் போறதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

இதுல மண்டபத்துக்குன்னு ஒரு விசேஷம் இருக்கு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, ரெண்டு பக்கமும் உப்புக் காத்து. காரைக்குடி சிக்ரி நிறுவனம் துருப்பிடிப்பு ஆராய்ச்சிக்கு மண்டபத்துல ஒரு மையமே வெச்சிருக்குன்னா பார்த்துக்கோங்க. அந்த ஊர்ல 13 வருஷம் ஓடின காரோட ஆயுசை ஸ்டியரிங் தீர்மானிக்காது, அடிப்பாகத் தகடுதான் தீர்மானிக்கும். எங்கேயோ வெயில் மழையில கிடந்த பழைய அசெம்ப்ளியோட யுனிவர்சல் ஜாயிண்டும் ஏற்கெனவே துரு பிடிச்சிருக்கலாம்.

இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம், பணம். 2028-ல அந்த ஆல்ட்டோவுக்கு 15 வருஷம் முடியுது. ஆர்.சி. புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து அதுக்கான கட்டணம் 600-ல இருந்து 5,000 ஆயிடுச்சு. இன்ஸ்பெக்ஷனும் உண்டு. அதுவரைக்கும் சுமாரா 24 மாசம்னு வெச்சா, 18,000 ரூபாய் மாசத்துக்கு 750. ஒரு சின்ன எஸ்.ஐ.பி. மாதிரி. ஆனா இது எங்கேயும் சேராது. 5 வருஷம் தாண்டின காருக்கு ஐ.டி.வி.யை நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்றீங்க, டில்ட் போட்டதுக்காக யாரும் ஏத்திக் கொடுக்க மாட்டாங்க. விக்கும்போது விவரம் தெரிஞ்சவர் "ஸ்டியரிங்ல கை வெச்சிருக்காங்க"ன்னு விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார். இன்சூரன்ஸ்ல சொல்லாம மாத்தியிருந்தா, விபத்துக்கு அப்புறம் சர்வேயர் கேட்கிற கேள்விக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்.

தோள்வலி நிஜமாவே இருக்குன்னா அதை ஆடம்பரம்னு நான் சொல்ல மாட்டேன். தினம் 80 கிலோமீட்டர் சும்மா இல்லை. அப்போ இந்த 18,000-ஐ அடுத்த காரோட டவுன் பேமெண்ட்டுக்கு ஒதுக்குங்க. டில்ட்டும் சீட் ஹைட் அட்ஜஸ்டரும் கம்பெனியிலேயே வர்ற வேரியண்ட்டா பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி கிளட்சை முழுசா அமுக்கி, கையை வீல்ல வெச்சுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. ஷோரூம்காரர் முறைச்சா முறைக்கட்டும். இந்த வாரமே செய்யணும்னா, குஷன் ஒண்ணு வாங்குங்க, காரை லிஃப்ட்ல ஏத்தி அடிப்பாகத்தைக் கழுவச் சொல்லி, துரு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு நீங்களே கீழ நின்னு பாருங்க. தகடு ஓட்டை விழுந்திருந்தா, குஷனைத் தவிர அந்தக் கார்ல வேற எதுக்கும் ஒரு ரூபாய் கூட போடாதீங்க.