சஸ்பென்ஸ் கணக்கு

அணுவா, நிலக்கரியா, காற்றா என்று நம் எழுத்தாளர்கள் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷத்தில் அது பட்டிமன்றமாகிவிடுகிறது. ஒரு பக்கம் சூரியனைக் கும்பிடும் கவிஞர்கள். எதிர்ப்பக்கம் புள்ளிவிவரத்தைக் கும்பிடும் விமர்சகர்கள். முதல் கோஷ்டியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அசட்டுத்தனத்தால் கவிதை மோசமாக வரும், அவ்வளவுதான். இரண்டாவது, படித்த கோஷ்டி. விவகாரம் இவர்களோடுதான்.

இவர்கள் கட்சி இது: ஒரு டெராவாட்-மணி மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 25 உயிர்களைத் தின்கிறது, அணு 0.03, காற்றும் சூரியனும் ஏறக்குறைய அணுவைப் போலத்தான். ஆகவே இடிந்தகரையில் நடந்தது பாமரப் பீதி.

கணக்கை நான் மறுக்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்த எவனும் நிலக்கரிக்கு வக்காலத்து வாங்கமாட்டான். 2023 ஜூலையில் நெய்வேலி நிறுவனத்தின் கால்வாய்க்காக வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலக்கரி முதலில் போகவேண்டும். ஆனால் சராசரி என்பது, சுமை யார் தலையில் விழுகிறது என்று சொல்லாத எண். 2012-ல் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. சென்னைக்கு இரண்டு மணி நேரம். அந்த இருட்டில்தான் கூடங்குளம் வேண்டும் என்ற அபிப்பிராயம் விளைந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ல் கடற்கரையில் இருந்தவர்கள்மேல் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள்மீது ராஜத்துரோக வழக்கு. இதற்கு டெராவாட்-மணிக்கு எத்தனை என்று எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று தெரியும். எந்தத் தலைப்பில் எழுதுவதென்று புரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். அது தற்காலிகம். ஆடிட்டர் வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். எரிசக்தி விவாதத்துக்கு ஆடிட்டர் கிடையாது. கழிவு மொத்தமும் சஸ்பென்ஸிலேயே கிடக்கிறது. நிலக்கரிப் புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் மின்னியல் வடிகட்டிகள் எங்கள் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் தயாராகின்றன. பிடித்த சாம்பல் எங்கே போகும் என்பது வேறு இலாகாவின் பிரச்னை.

இதைச் சொல்ல ராணிப்பேட்டைக்காரனுக்குத் தனி யோக்யதை உண்டு. தோல் பதனிடக் குரோமிய உப்பு வேண்டும். குரோமேட் ரசாயனங்கள் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைச் சிப்காட்டில் விட்டுப்போயிற்று. 1996-ல் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடு கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியது. சட்ட மாணவர்கள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். குவியலோ கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே கிடந்தது. மழைக்கு மழை கரைந்து கிணறுகளுக்குப் போயிற்று. இத்தனைக்கும் வைத்தியம் மேதைகள் கண்டுபிடிக்கவேண்டியதல்ல. இரும்பு சல்பேட் கலந்தால் ஆறு இணைதிறனுள்ள குரோமியம் மூன்றுக்கு இறங்கும், விஷம் பெருமளவு அடங்கும். கல்லூரி ரசாயனம். தெரிந்தும் ஆகவில்லை. செலவை எழுத ஒரு பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை என்பதுதான் காரணம்.

இன்னொன்று. 2015 ஜனவரி 31-ல் இதே சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பரிகாரமாகக் கட்டிய இடம் அது.

கூடங்குளம் வெடிக்கும் என்பதல்ல என் வாதம். 2013-ல் உலையை அனுமதித்த உச்ச நீதிமன்றம், எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை 5 ஆண்டுக்குள் கட்டச் சொல்லியது. 2018-ல் கிடங்கு இல்லை; 2022 வரை அவகாசம் நீட்டப்பட்டது. புளூட்டோனியம்-239ன் அரை ஆயுள் 24,000 ஆண்டு. சங்க காலத்திலிருந்து நாம் கடந்திருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு தேறாது. ஐந்து வருஷத் தவணையைக் கட்டாதவனுக்கு இருபத்து நாலாயிரம் வருஷத்துக்குக் கடன் கொடுக்க எந்தக் கிளை மேலாளரும் கையெழுத்துப் போடமாட்டார்; நம் விமர்சகர்கள் போடுகிறார்கள், ஈடுகூடக் கேட்காமல்.

காற்றும் வெயிலும் குற்றமற்றவை என்று கவிஞர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும், பிறகு சோம்பும். கமுதியின் 648 மெகாவாட் தகடுகள், ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் செத்துப்போகும். தகடும் ஒருநாள் குப்பைதான். ஆனால் தப்பாகப் போட்ட காற்றாலையைப் போட்டவனே கழற்றலாம். பேரன் காலம்வரை காவல் வைக்கவேண்டியதில்லை. ஆகவே உண்மையான கேள்வி, காற்று நிற்கிற மணி நேரத்தில் என்ன செய்வது என்பது. இதற்குப் பதில் ஆனைமலையில் காடம்பாறையில் 1987 முதல் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கினால் 400 மெகாவாட். இரண்டு கோஷ்டியிலும் யாராவது அதைப் பற்றி ஒரு பாரா எழுதி நான் படித்ததில்லை.