அடங்காத பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?



சில வாரங்களாக ஒரு கேள்வி நம் சபையாரிடையே உலவுகிறது. "ஒரு நிமிடம் உட்காரத் தெரியாத பிள்ளைக்குக் கூடுதல் கணக்கு எதற்கு?" தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் பல, ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகளைத் தனியே பிரித்து, மேல்வகுப்புக் கணிதத்தை 'ஃபவுண்டேஷன்' என்ற பெயரில் முன்கூட்டியே கற்பிக்கின்றன. அனந்தபுரத்திலிருந்து விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பேருந்தேறும் நம் பிள்ளைகளுக்கும் அந்த அழைப்பு வருகிறது. மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று கண்டறிந்த பிள்ளைக்கு வந்தால்தான் ஊர் வாய் திறக்கிறது.

அக்கேள்வியை நான் எதிர்க்கிறேன். கணக்கு என்பது அடக்கத்துக்குக் கொடுக்கும் பரிசன்று. பசித்தவனிடம், முதலில் ஒழுங்காக உட்கார், பிறகு சோறு என்று சொல்வோமா?

ஆலயத்தில் அன்னாளின் உதடுகள் அசைந்ததைக் கண்ட ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார். அவர் ஆசாரியர், அனுபவசாலி, ஆயினும் உடலின் அசைவை மட்டும் பார்த்து உள்ளத்தைத் தப்பாய்க் கணித்தார். நம் மூப்பர்களும் அதையே செய்கிறார்கள். ஆராதனையில் காலை ஆட்டும் பிள்ளையை வளர்ப்புச் சரியில்லை என்கிறார்கள். கீழ்ப்படியாமையின் ஆவி என்று சொன்னவரும் உண்டு. மருத்துவம் சொல்வது வேறு. இந்நிலை பெரும்பாலும் மரபுவழி வருவது. 12 வயதுக்கு முன்னரே, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெளிப்படுவது. அறிவுத்திறனின் அளவுகோல் அன்று. சலிப்பூட்டும் வேலையில் சிதறும் அதே மனம், பிடித்த ஒன்றில் மணிக்கணக்காய் ஆழ்ந்திருக்கவும் கூடும். அதனால்தான், 'விளையாட மட்டும் கவனம் வருகிறதே' என்ற ஏளனம் அநியாயமானது. மாத்திரை உட்கொள்வதை அவிசுவாசம் என்பாருக்கு ஒன்றுமட்டும் நினைவூட்டுகிறேன்: பவுலின் துணையாளரான லூக்கா ஒரு வைத்தியர்.

தாலந்துகளின் உவமையில் எஜமான் அவரவர் திறமைக்கேற்பப் பகிர்ந்தளித்தார். ஒரு தாலந்தைப் பெற்றவன் தன்னுடையதைத் தானே மண்ணில் புதைத்தான். இங்கே பிள்ளை புதைக்கவில்லை. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது.

1910-இல் கும்பகோணத்து இளைஞர் ஒருவர், ஏடுகள் சிலவற்றோடு, நமக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலூருக்கு வேலை தேடி வந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கல்லூரி உதவித்தொகையை இழந்து, தேர்விலும் தோற்றவர். அங்கே துணை ஆட்சியராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவர் அந்த இளைஞரின் ஒழுங்கின்மையைக் கணக்கெடுக்கவில்லை, ஏட்டைப் பார்த்தார். அலுவலகத்தில் கடைநிலை எழுத்தராய் அமர்த்தினால் இத்திறமை வீணாகும் என்று கருதிச் சென்னைக்குப் பரிந்துரைக் கடிதங்களோடு அனுப்பினார். அந்த இளைஞர் சீனிவாச ராமானுஜன். அவருக்கு இக்குறைபாடு இருந்ததென்று நான் சொல்லவில்லை; அதற்குச் சான்றில்லை. ஐயர் எதைப் பார்த்தார் என்பதையே சொல்கிறேன்.

இவ்வளவு சொன்னதும், 'போதகர் சேர்க்கச் சொல்லிவிட்டார்' என்று நாளையே பணம் கட்ட ஓடும் பெற்றோரும் உண்டு. அவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. நம் நாட்டில் முந்திப் படித்தல் என்பது பலவேளை தாண்டிப் படித்தலே. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்தனர். அதைத் தடுக்கவே அரசு 2017-இல் மேல்நிலை முதலாண்டுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை நீக்கிவிட்டது. 16 வயது நிரம்பாதோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கலாகாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே பயிற்சி பள்ளிச் சுவருக்குள் நடந்தால் எவரும் கேட்பதில்லை.

வேகம் இரு வகைப்படும். புரிந்துகொள்ளும் வேகம் ஒன்று. எழுதிக் குவிக்கும் வேகம் மற்றொன்று. இத்தகைய பிள்ளைக்கு முதலாவது மிகுந்து, இரண்டாவது குன்றியிருக்கக் கூடும். விகிதத்தைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்வான். ஆனால் மூன்றாம் வரியில் கழித்தல் குறியை விட்டுவிடுவான், வீட்டுப்பாட ஏட்டைப் பேருந்தில் மறப்பான். நினைவில் பல படிகளை ஒருசேர ஏந்தி நிற்பது அவனுக்குக் கடினம். ஆகவே கடினமான கணக்கைக் கொடுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். நாற்பது எளிய கணக்குகள் அவனைக் களைக்கச் செய்யும். ஐந்து நல்ல கணக்குகள் அவனை உட்கார வைக்கும். பள்ளி இதற்கு உடன்படாமல், மாலையில் மேலும் இரண்டு மணி நேரமும் வாரந்தோறும் தரவரிசைத் தேர்வும் தருமானால், அவ்வகுப்பை மறுத்துவிடுங்கள். அப்போது வீட்டிலேயே ஒரு நல்ல புத்தகமும் பொறுமையுள்ள ஓர் அண்ணனும் போதும்.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் ஏசா சேர்ந்தே போகலாம் என்று அழைக்கிறான். யாக்கோபு இணங்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், ஒரே நாள் அதிகமாய் ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று காரணம் சொல்லி, அவர்களால் இயன்ற நடையில் பின்னே வருவதாகச் சொல்கிறான். அவன் பயணத்தை நிறுத்திவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏசாவோடு நானூறு பேர் நின்றார்கள். அத்தனை பேர் பார்க்க மெதுவாய் நடப்பேன் என்று சொல்ல ஒரு தகப்பனுக்குத் துணிவு வேண்டும்.

பள்ளியிடம் கேட்பது எளிதன்று என்பதையும் அறிவேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியே பெயரிடப்படவில்லை. எனவே கூடுதல் நேரமும் குறைந்த வீட்டுப்பாடமும் உரிமையாகக் கிடைக்காமல், தலைமையாசிரியரின் தயவாகிவிடுகின்றன. தாய் ஒருத்தி தனியே போய் நின்று கேட்பது வேறு. சபையின் மூப்பர் ஒருவர் உடன் நிற்பது வேறு. இதுவரை வாயால் தீர்ப்புச் சொன்னவர்கள் முதலில் அந்தப் பேருந்தில் ஏறட்டும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லத் துணை வேண்டுவோர், ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்து போவோம்.