கறுப்பைத் திருடும் காமிரா

உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். சரசரவென்று புரட்டாமல், ஒவ்வொரு படத்திலும் கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள். அப்புறம் கையைப் பாருங்கள். முகம் ஒரு கலர், கை ஒரு கலர். தாலி கட்டும்போது ரோஸ். பந்தியில் சாம்பல். மறுவீட்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கும்போது முகமே இல்லை. பல் மட்டும்தான் தெரிகிறது. ஒரே நாளில் ஒரு பெண்ணுக்கு எத்தனை கலர்! பச்சோந்தி தோற்றது.

கேட்டால் என்ன சொல்வார்கள்? "பிள்ளை கொஞ்சம் கலர் கம்மி. போட்டோவுக்கு எடுக்காது." ஏதாவது ஒரு பெரியம்மா இப்படித் தீர்ப்பு எழுதிவிடுவார். அந்தப் பெண்ணும் அதை நம்பிவிடும். அதற்குப் பிறகு எந்த விசேஷத்தில் காமிராவைப் பார்த்தாலும் தூண் மறைவில் போய் நின்றுகொள்ளும்.

நான் ஒன்று சொல்கிறேன். தப்பு அந்த முகத்தில் இல்லை. காமிராவின் தலையில் ஒரு வட்டத் திருகு இருக்கிறதே, அதில் பச்சைக் கலரில் 'ஆட்டோ' என்று போட்டிருக்கிறதே, அங்கே இருக்கிறது. அதைத் திருப்ப மறுக்கும் நம் சோம்பேறித்தனத்திலும் இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளத்துக்குப் போயிருக்கிறீர்களா? முன்பு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் இருந்து தென்காசி மாவட்டம். கரிசல் பூமி. மண் கறுப்பு. வயலில் நிற்கிறவர்களும் வெயிலில் வெந்த நல்ல கறுப்பு. ஆனால் வெயில் வெள்ளை வெளேரென்று இருக்கும். வேட்டி வெள்ளை, தலைத்துண்டு வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் வெள்ளை, சித்திரை மாத வானமும் வெள்ளை. ஆட்டோ மோடின் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்ற இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

வண்டவாளம் என்னவென்று பார்ப்போம். பயப்படாதீர்கள், பிசிக்ஸ் பாடம் இல்லை. நான் பி.காம். படித்தவன். எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாதா?

காமிராவுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். மீட்டர் என்று பெயர். எதிரே இருக்கிற காட்சியில் இருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளப்பது அவர் வேலை. ஆனால் அது கறுப்புச் சேலையா, வெள்ளை வேட்டியா, மனித முகமா என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதி: உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் வரும். போட்டோகிராபிப் புத்தகங்களில் இதற்கு 18 சதவீதச் சாம்பல் என்று பெயர். மேலே விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். எதைக் காட்டினாலும் சராசரியில் அந்தச் சாம்பல் வரும்படி கணக்கை நேர் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சராசரி எவ்வளவு ஆபத்தானது என்று காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். சராசரி ஆழம் மூன்றடி என்று கணக்குப் பார்த்து ஆற்றில் இறங்கியவன் நடு ஆற்றில் முழுகிப்போன கதைதான்.

இப்போது குருவிகுளத்து வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு கறுத்த பெண்ணை நிறுத்துங்கள். படத்தில் முக்கால்வாசி சுவர். கணக்குப்பிள்ளை பதறிப்போகிறார். "ஐயையோ, வெளிச்சம் ஜாஸ்தி!" சுவரைச் சாம்பலாக்க வெளிச்சத்தைக் குறைக்கிறார். சுவர் சாம்பலாகிறது, முகம் கரியாகிறது. அதே பெண்ணைக் கறுப்புத் திரைக்கு முன்னால் நிறுத்துங்கள். "ஐயையோ, இருட்டு!" இப்போது வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுகிறார். திரை சாம்பலாகிறது, முகம் சுண்ணாம்பாகிறது. இரண்டு படத்திலும் அந்தப் பெண்ணின் சொந்த நிறம் இல்லை. திருட்டுப் போய்விட்டது.

"சார், எங்க காமிராவுல பி, ஏ, எஸ், எம் எல்லா மோடும் இருக்கே" என்கிறீர்களா? இருக்கட்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

'ஏ' மோடில் (கேனான்காரர்களுக்கு 'ஏ.வி.') லென்ஸின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள், ஷட்டர் வேகத்தை காமிரா போட்டுக்கொள்கிறது. 'எஸ்' மோடில் ('டி.வி.') வேகத்தை நீங்கள் சொல்கிறீர்கள், வாயை அது பார்த்துக்கொள்கிறது. 'பி' மோடில் இரண்டையும் அதுவே போட்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள் என்கிறது. மூன்றிலும் மொத்த வெளிச்சம் எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? அதே சராசரிக் கணக்குப்பிள்ளைதான்! ரொக்கமாகக் கொடுத்தாலும் செக்காகக் கொடுத்தாலும் பில் தொகை ஒன்றுதானே. லட்ச ரூபாய் காமிராவில் 'ஏ' மோடு வைத்து எடுத்தாலும் வெள்ளைச் சுவர் முன்னால் கறுத்த முகம் கரியாகத்தான் விழும்.

அதைத் தடுக்க 'எம்' மோடு இருக்கிறது. முழு அதிகாரமும் உங்கள் கையில். அது கஷ்டம் என்றால், ஒரு சின்ன பட்டன் இருக்கிறது. பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று நீளமான பெயர். 'கணக்குப்பிள்ளையின் காதைத் திருகும் பட்டன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாப் பிளஸ் வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஒரு ஸ்டாப் மைனஸ் வைத்தால் பாதி. பல காமிராக்களில் பச்சை ஆட்டோவில் இந்த பட்டன் வேலையே செய்யாது. கவனித்தீர்களா? நீங்கள் எதிர்த்துப் பேச வழியே வைக்காத மோடுக்குத்தான் பச்சைக் கலர் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

விதி சுலபம். படத்தில் வெள்ளை ஜாஸ்தியா? பிளஸ். கறுப்பு ஜாஸ்தியா? மைனஸ். தலைகீழாகத் தோன்றும். ஆனால் அதுதான் சரி. கறுத்த முகத்தையே நெருக்கமாக எடுக்கிறீர்களா? அப்போதும் அரையோ ஒன்றோ மைனஸ். இல்லாவிட்டால் காமிரா அதைச் சாம்பல் பூசி வெளுக்கும். கறுப்பைக் கறுப்பாக எடுக்க வேண்டும் என்றால், "இது கறுப்புதான்டா" என்று காமிராவிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

இதை அந்தப் பக்கத்துக் கல்யாண போட்டோகிராபர் ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுத பட்டன் எனக்கும் தெரியும். ஆனா மொகத்த வெளுக்கலைன்னா பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கித் துட்டத் தரமாட்டாங்க. ஆல்பத்தக் கையில வாங்கினதும் மொதல்ல கேக்கதே, 'என்னய்யா, புள்ளைய இப்படிக் கறுப்பா எடுத்து வச்சிருக்க?'ங்கதுதான். ஏதோ நாந்தான் பெத்துப் போட்ட மாதிரி!"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காமிரா ஒரு திருடன் என்றால், அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது நாம்தான். 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2020-ல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது, பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. டியூபில் பெயர் மாறியது. கல்யாணப் புரோக்கரின் ஜாதகக் கட்டில் 'நல்ல கலர்' என்ற வரி மாறியதா? அது இருக்கிறவரை போட்டோகிராபர் மட்டும் என்ன செய்வார், பாவம்?

ஆனால் இதை நம் வீட்டு விவகாரம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலின் அளவுகோலே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை வைத்துச் செய்ததுதான். பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் ஒரு வெள்ளைப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகம் எப்படி வந்தால் என்ன, யார் கேட்டார்கள்? கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதை ஆராய்ந்து 2009-ல் எழுதினார். கறுப்பின் நுணுக்கங்கள் விழவில்லை என்று கோடாக்கை நெருக்கியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் கம்பெனிகளும் மர பர்னிச்சர் கம்பெனிகளும்! டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். மனிதனுக்குக் கிடைக்காத நியாயம் மேஜை நாற்காலிக்குக் கிடைத்தது.

"அதெல்லாம் பழைய கதை சார், இப்ப போனே எல்லாத்தையும் பாத்துக்குது" என்பீர்கள். போன் இப்போது முகத்தைக் கண்டுபிடிக்கிறது, உண்மைதான். கூகுள் 2021-ல் தன் பிக்ஸல் போனில் கறுத்த நிறங்களை உள்ளபடி காட்ட 'ரியல் டோன்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் 2021 வரை அதற்கு ஒரு தேவை இருந்தது என்பதே குற்றத்தின் ஒப்புதல் வாக்குமூலம்தானே? நீங்கள் கேட்காமலே முகத்துக்குப் பவுடர் போடும் 'பியூட்டி' வசதியோடு வரும் போன்களும் நம் கடைகளில் நிறைய விற்றிருக்கின்றன. அந்தப் பவுடர் என்ன கலர் என்று நான் சொல்ல வேண்டுமா?

கல்யாண ஆல்பம் கெட்டால் மனக்கஷ்டம். அதோடு போகும். ஆனால் போட்டோ இப்போது சாட்சியாகிவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், வேலை நடக்கும் இடத்தில் தினம் இரண்டு முறை போனில் படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. கண்மாய்க் கரையில், மொட்டை வெயிலில், முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பின்னால் வெள்ளை வானம். போனில் ஆட்டோ. என்ன விழும்? வானம் அழகாக விழும். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், இந்தப் படங்களில் முறைகேடு நடக்கிறது என்று மாநிலங்களுக்கு எழுதியது. படத்தில் உள்ள தலைக்கும் பதிவேட்டில் உள்ள தலைக்கும் கணக்கு உதைக்கிறது என்பதும் அதில் ஒன்று. முறைகேடு செய்தவர்களைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்தை ஆதாரமாகக் கேட்கிற அரசாங்கம், முகம் தெரிகிற மாதிரி படம் எடுக்கவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை ஏற்று என்று ஒரு வரி. உச்சி வெயிலில் சம்பாதித்த கூலி, வெள்ளை வானத்தால் சந்தேகத்துக்கு ஆளாகலாமா?

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் கம்ப்யூட்டர் விஷயம் இதைவிட மோசம். 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண்கள், ஆணா பெண்ணா என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் பெரிய கம்பெனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் தவறு ஒரு சதவீதத்துக்கும் கீழே. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. மூன்று பெண்களில் ஒருத்தியை ஆண் என்று சொன்ன மெஷின்! ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் முகத்தைக் காட்டு என்று கேட்கிற காலத்தில், இது கிண்டலுக்கான விஷயம் இல்லை.

கறுப்பை எடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்: பாலு மகேந்திரா. 1988-ல் வந்த 'வீடு' படத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம், அர்ச்சனாவின் கறுத்த முகம். அந்த முகத்தை அவர் வெளுக்கவில்லை. தேசிய விருது அந்த முகத்தைத் தேடி வந்தது. அவர் கையில் இருந்தது, இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனோடு ஒப்பிட்டால் மந்தமான பிலிம். வித்தியாசம் கருவியில் இல்லை. யாருக்காக வெளிச்சத்தை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. சுவருக்காகவா? முகத்துக்காகவா?

ஆகவே, மூன்று காரியம்.

போனில் எடுக்கும்போது, பட்டனை அமுக்குவதற்கு முன்னால் திரையில் முகத்தைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் சின்னதாக ஒரு சூரியன் வரும். அதை மேலும் கீழும் இழுத்து, முகம் நேரில் எப்படி இருக்கிறதோ அப்படி வரும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். சுவருக்கு மனசு கிடையாது.

கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பேசும்போது, விலையைப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்: "எங்க பிள்ளை எந்தக் கலரோ அந்தக் கலர்லயே வரணும். வெளுத்துக் குடுத்தா மீதிப் பணம் கிடையாது." பாக்கிப் பணத்துக்கு எவ்வளவு சக்தி என்று அந்த அண்ணாச்சியே சொல்லிவிட்டாரே. அதை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

மூன்றாவது, பள்ளிக்கூட அடையாள அட்டை, ஆதார், ரேஷன் என்று வெள்ளைத் திரை முன்னால் உங்கள் பிள்ளையை உட்காரவைத்து எடுக்கிறார்களா? படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முகம் கரியாக இருந்தால் இன்னொரு தரம் எடுக்கச் சொல்லுங்கள். "கறுப்பா இருந்தா அப்படித்தான் வரும்மா" என்று அந்தத் தம்பி சொன்னால், விடாதீர்கள். "என் பிள்ளை கறுப்புதான் தம்பி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கொஞ்சம் பிளஸ் வை" என்று, அந்தப் பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள்.